ஓடினவன் பெயரை நான் அழித்த கதை

சுத்தமாகத் தெரியாத விஷயத்தில் யாரும் பெரிதாக மானம் இழப்பதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் தண்ணீரில் இறங்கியதில்லை, அதனால் இன்றுவரை உயிரோடும் மரியாதையோடும் இருக்கிறேன். ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் பாதி தெரிந்த விஷயம்தான். அது நம் தோளில் கைபோட்டு மேடைவரை கூட்டிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் நழுவிவிடும். என்னை அப்படி நடுச்சபையில் விட்டுவிட்டுப் போனது கிரிக்கெட்.

திருச்சியில் பள்ளிக்கூட அணியில் ஆடினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். ஆடியது உண்மை. கடைசி ஆளாக ஆடினேன் என்பதைச் சொல்வதில்லை. (அதுவும் உண்மையான கடைசி ஆளுக்கு அம்மை போட்டதால் கிடைத்த பதவி உயர்வு.) நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மறுமுனையில் நன்றாக ஆடுகிற எவனாவது நிற்பான். "டேய், நீ ஒண்ணும் புடுங்க வேணாம். நான் கூப்பிட்டா ஓடி வா, போதும்" என்பான். நானும் ஓடுவேன். சித்திரை வெயிலில் நாக்குத் தள்ள ஓடுவேன். ரன் எல்லாம் அவன் பெயரில் ஏறும். என் பெயருக்கு நேரே முட்டை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. அடித்தவனுக்கு ரன், கூட ஓடினவனுக்கு வியர்வை. உலகம் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டே மொன்றியலுக்கு விமானம் ஏறினேன்.

அப்போது மகள் யாழினி தவழ்ந்துகொண்டிருந்தாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் குடியிருந்தோம். பாதி வீடு மண்ணுக்குள், பாதி வெளியே. சமையலறை ஜன்னலில் வானம் தெரியாது, தெருவில் போகிறவர்களின் கால்கள்தான் தெரியும். வெயில் காலத்தில் விதவிதமான செருப்பு பார்த்துப் பொழுதுபோகும். அக்டோபர் முடிந்தால் எல்லாம் ஒரே கறுப்பு பூட்ஸ். என் மனைவி நித்யாவுக்கு அக்கம்பக்கத்தாரை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. முழங்காலுக்குக் கீழே காட்டினால் இன்னார் என்று சொல்லிவிடுவாள்.

நித்யா திருச்சியில் கணக்கு டீச்சர். இங்கே என் வேலை அனுமதியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவள். அந்த அனுமதியோ என் நிறுவனத்தோடு கட்டிப்போட்டது. அந்த வேலை போனால், இன்னொருவர் கூப்பிட்டு அனுமதி வாங்கித் தரும்வரை நான் எங்கேயும் வேலை செய்யக்கூடாது. யாரும் கூப்பிடாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் முடிகிறது. நீட்டுவார்களா மாட்டார்களா என்று எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது. நித்யாவோ குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, உதிர்ந்த ஈர இலைகளில் சக்கரம் சிக்கச் சிக்க, பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"என் வேலையே இங்கிலீஷ்லதான் நடக்குது. உனக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று நான் கேட்பேன்.

"நாலு பேர்கிட்ட பேசணும்னு இருக்குங்க. இங்க என்கிட்ட பேசறது ஹீட்டர் மட்டும்தான்" என்பாள்.

அவள் உச்சரிப்பதைக் கேட்டு நான் கேலி செய்வேன். மூக்கடைத்தவன் பஸ் நிறுத்தம் விசாரிப்பது போல இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் நிறுவனம் சின்னது. மைதானங்களிலும் விழாக்களிலும் பெரிய திரையில் ஓடுகிற படங்களையும் புள்ளிவிவரங்களையும் தயாரித்துக் கொடுப்போம். மேலாளர் மத்தியூ நல்ல மனிதர், ஹாக்கிப் பைத்தியம். பனிக்கட்டி இல்லாத தரையில் ஆடுவதெல்லாம் அவருக்கு விளையாட்டுக் கணக்கிலேயே வராது. அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் ஒரு பேஸ்பால் வேலை வந்து சேர்ந்தது. கியூபெக்கின் சிறு ஊர்களைச் சுற்றி ஆடும் ஒரு தொழில்முறை அணி. பெரிய பணமும் புகழும் இல்லாத ஆட்டக்காரர்கள். கோடையில் ஆடுவார்கள், குளிர்காலத்தில் வேறு வேலை பார்ப்பார்கள். அந்த அணி சீசன் முடிந்து லவாலில் ஒரு மண்டபத்தில் விருந்து வைக்கிறது. சீசனில் அதிக ரன் எடுத்த மூன்று பேரைத் திரையில் காட்டிக் கோப்பை கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டு, படம் செய்து, கடைசி நிமிடம்வரை ரகசியமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு.

"உங்களில் யாருக்காவது பேஸ்பால் தெரியுமா?" என்று மத்தியூ கேட்டார்.

என் கை தானாக மேலே போனது. (ஒப்பந்தம் முடிய இரண்டே மாதம் இருக்கிறவனின் கை அப்படித்தான் போகும்.)

"நல்லாத் தெரியுமா?"

"சின்ன வயசிலிருந்தே ஆடுறேன்" என்றேன். மட்டை, பந்து, ரன். இதில் தெரியாமல் போக என்ன இருக்கிறது? கிரிக்கெட்டிலிருந்து நான்கைந்து விஷயங்களைப் பிடுங்கி எறிந்தால் பேஸ்பால் என்பது என் கணிப்பு. அன்று மாலை ஒரு ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பாதியில் தூங்கிவிட்டேன், அவ்வளவு சுலபமாகப் புரிந்துவிட்டது.

அணி அனுப்பிய விவரங்களில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி இருந்தது. யார் எறிந்தார், யார் அடித்தார், எத்தனை ரன் வந்தது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதற்கு அடுத்து, அந்த அடியில் ஓடி வந்தவர்கள் யார் யார் என்று பெயர்கள். நான் அந்தப் பெயர்களைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இவன் அடிக்கிறான், மறுமுனையில் நிற்கிறவன் ஓடுகிறான். கூட ஓடுகிறவன் பெயரை எழுதி வைத்து என்ன செய்வது? நான் ஓடாத ஓட்டமா? என் பெயரை எவன் எழுதினான்? வீண் விவரம் என்று அந்தப் பத்தியை அப்படியே அழித்தேன். பிறகு அடித்தவன் வாரியாக ரன்களைக் கூட்டினேன். தொமா என்கிற ஒருவர் மற்றவர்களை எங்கேயோ பின்னால் விட்டுவிட்டு முதலில் நின்றார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் தப்பு. நான் நிறுத்தவில்லை. சரிபார்க்கலாமே என்று அந்த லீக்கின் இணையதளத்தைத் திறந்தேன். அங்கே முதலிடத்தில் லூக் என்று வேறொருவர் இருந்தார். அவருக்கு என் கணக்கில் முதல் மூன்றில் இடமே இல்லை. சாதாரண மனிதன் இந்த இடத்தில் என்ன நினைப்பான்? 'நாம் எங்கேயோ கோட்டை விட்டுவிட்டோம்' என்று நினைப்பான். நான் நினைத்தது, 'அடப்பாவிகளா, இத்தனை வருடமாகத் தப்பாகவா கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று.

மத்தியூவிடம் ஓடினேன். அவர்களுடைய கணக்கில் பெரிய பிழை ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னேன். ஓடினவர்களுக்கெல்லாம் ரன்னைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். ஹாக்கிக்காரருக்கு அது சரியாகவே பட்டது. அடிக்கிறவனுக்குத்தானே கோல்? என் முதுகில் தட்டினார். "இதைப் பார்த்துட்டு அவங்க அடுத்த வருஷ வேலையையும் நமக்கே குடுப்பாங்க. உன் ஒப்பந்தத்தைப் பத்தித் திங்கட்கிழமை பேசுவோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியில் மெட்ரோவில் உட்கார்ந்து திருச்சிக்கு அப்பாவை அழைத்து, வெள்ளைக்காரனுக்கே நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த கதையை விலாவாரியாகச் சொன்னேன்.

நித்யா மட்டும் தாளித்துக்கொண்டே கேட்டாள். "அவங்க ஆட்டம், அவங்களுக்குத் தெரியாதாங்க?"

"உனக்கு கிரிக்கெட் தெரியாது நித்யா" என்றேன்.

"அது பேஸ்பால்னு சொன்னீங்க?"

"எல்லாம் ஒண்ணுதான்."

விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நவம்பர் பிறந்திருந்தது. மரங்களில் இலை இல்லை, பனியும் இன்னும் விழவில்லை, எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. மொன்றியலில் அந்த ஒரு மாதத்தை மட்டும் கடவுள் வேலை போகப்போகிறவர்களுக்காகவே செய்திருக்கிறார் என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மேல்மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரர் யோகன் அண்ணை தன் வேனில் கொண்டுபோய் விட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டு தெரு தள்ளி தெப்பனேர் வைத்திருக்கிறார், அதாவது பாலும் ரொட்டியும் பீரும் விற்கிற மூலைக்கடை. யாழினி அவரைக் கண்டால் என்னிடம் வரமாட்டாள்.

"நான் வெளியிலை நிக்கிறன் தம்பி. முடிஞ்சாப் போல கூப்பிடுங்கோ" என்றார். வாசலில் நின்ற மத்தியூ விடவில்லை. சாப்பாடு நிறைய இருக்கிறது என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "ஓம் ஓம், ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போறன்" என்று வந்தவர், யாழினியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசை மேசையில் உட்கார்ந்து கோழியைப் பிய்க்கத் தொடங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். வயதான அப்பா அம்மா, ஒரு அக்கா, நடுவில் ஒல்லியாக, தலையில் கொஞ்சம் வழுக்கை விழுந்த ஒரு ஆள். புதுக் கோட்டு போட்டிருந்தார், தோளில் மடிப்பு இன்னும் கலையவில்லை. அவர்தான் லூக் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த அம்மாவிடம் நித்யா "போன்ஜூர்" என்றாள். அவ்வளவுதான், அந்த அம்மா பிடித்துக்கொண்டார். அவரும் கணவரும் கடலோரத்து ஊரிலிருந்து நாள் முழுக்கக் காரில் வந்திருக்கிறார்கள், மகனுக்கு இதுதான் கடைசி சீசன், முழங்கால் போய்விட்டது, இனிமேல் முழுநேரமும் இரும்புக்கடை வேலைதான் என்று நித்யா எனக்குத் தமிழில் சொன்னாள். "இன்னைக்கு அவருக்கு ஏதோ கோப்பை குடுப்பாங்களாம்ங்க. அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"நல்லது, நல்லது" என்றேன். என் கண் திரையில் இருந்தது. என் வேலை ஓடப்போகிறது.

அணி நிர்வாகத்தின் தலைவர், நரைத்த மீசைக்காரர், மேடையேறினார். மூன்றாமிடம் என்றார். திரையில் ஒரு படம் வந்தது. மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. வியப்பில் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாமிடத்துக்கு இன்னொரு படம் வந்தது. யாரோ சிரித்தார்கள். மேடைக்குப் போகவேண்டியவர் போகவே இல்லை, பக்கத்து ஆளைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். யோகன் அண்ணை மட்டும் கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டுப் பலமாகக் கைதட்டினார்.

"முதலிடம்" என்றார் தலைவர்.

பக்கத்து மேசையில் லூக் எழுந்தார். முழுக்க எழவில்லை, பாதி எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். அம்மா போனைத் தூக்கிப் படம்பிடிக்கத் தொடங்கியிருந்தார். திரையில் தொமாவின் முகம் வந்தது.

லூக் அந்தப் பாதி நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, அதற்காகத்தான் எழுந்தது போல, கையை நீட்டித் தண்ணீர் ஜாடியை எடுத்துத் தன் டம்ளரில் ஊற்றினார். டம்ளர் ஏற்கெனவே நிறைந்திருந்தது. தண்ணீர் மேசை விரிப்பில் வழிந்தது. அவருடைய அக்கா கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். அம்மா மட்டும் போனை இன்னும் இறக்கவில்லை. எதற்குப் பிடிக்கிறோம் என்று தெரியாமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

தொமா மேடைக்கு வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஆள். கோப்பையை வாங்கவில்லை. மைக்கை வாங்கினார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார், மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"என்ன சொல்றாரு?" என்று நித்யாவைக் கேட்டேன். பாராட்டுக்கு நன்றி சொல்கிறார் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் மிச்சமிருந்தது.

நித்யா குரலைத் தாழ்த்தினாள். "'என்னைப் பாத்தா அவ்வளவு வேகமா ஓடுற ஆள் மாதிரியா இருக்கு?'ன்னு கேக்கறாருங்க."

"ஓடறதா? அவர் ஏன் ஓடணும்?"

"'நான் அடிச்சுட்டு நடந்துதான் போவேன். ஓடி ஓடி வீடு சேர்ந்தது லூக். ரன் அவனோடது. இந்தத் திரையை யார் செஞ்சாங்க?'ன்னு கேக்கறாரு."

தலைவர் மத்தியூவைப் பார்த்தார். மத்தியூ என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் மேசைக்கு அடியில் புகுந்திருக்கலாம், கழிப்பறைக்குப் போயிருக்கலாம், குழந்தையைக் கிள்ளி அழவிட்டு வெளியே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். நான் எழுந்து நின்றேன். யாரும் என்னை எழச் சொல்லவில்லை. எழுந்து, ஆங்கிலத்தில், நியாயம் பேசினேன்.

அடித்தவருக்குத்தானே ரன் சேரவேண்டும் என்றேன். ஒருவர் பாடுபட்டு அடிக்க, இன்னொருவர் சும்மா ஓடிவந்து பெயர் வாங்கினால் அது என்ன நியாயம் என்றேன். எங்கள் ஊரில் அப்படி இல்லை என்றேன். (தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்கள் நிறைந்த மண்டபத்தில், அவர்கள் விருந்தில், அவர்கள் கோழியைத் தின்றுவிட்டு.) கடைசியாக, என் நேர்மையைக் காட்டுவதற்காக, "அதனாலதான் ஓடினவங்க பேரை எல்லாம் நான் அழிச்சுட்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"அழிச்சுட்டியா?" என்றார் தலைவர், குழந்தையிடம் கேட்பது போல மெதுவாக.

"அவங்க கணக்குல பிழை இருக்குன்னு சொன்னியே?" என்றார் மத்தியூ. அவர் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தலைவர் பொறுமையாக விளக்கினார். இந்த ஆட்டத்தில் ஒருவன் வீட்டிலிருந்து கிளம்பி, மூன்று இடங்களைத் தொட்டுவிட்டு, மறுபடி வீட்டுக்கே வந்து சேரவேண்டும். வந்து சேர்ந்தவனுக்குத்தான் ரன். அவனை வரவைத்தவனுக்கு வேறு கணக்கு இருக்கிறது, அதற்கு வேறு கோப்பை இருக்கிறது, அதைச் சற்று நேரம் கழித்து இதே தொமாவுக்குத்தான் கொடுக்கப்போகிறார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடேறியது. அத்தனை வருடம் வெயிலில் ஓடினேனே, ஓடுகிறவன் பெயரை எழுதுகிற ஆட்டம் ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது. அதில் போய் நான் அவன் பெயரை அழித்திருக்கிறேன். உட்காரவும் தெரியாமல் நின்றேன்.

அப்போது நித்யா எழுந்து பக்கத்து மேசைக்குப் போனாள். லூக்கின் அம்மாவுக்கு முன்னால் நின்று, வகுப்பில் கற்றுக்கொண்ட அந்த மூக்கடைத்த பிரெஞ்சில் பேசினாள். நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லுக்குப் பிறகு அடுத்த சொல்லைத் தேடி எடுத்துப் பேசினாள். மண்டபமே அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்தார், லூக்கும் சிரித்தார். பிறகு அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் என்ன சொன்னாள் என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. "இவர் பள்ளிக்கூடத்தில் கடைசி ஆளாக ஆடினவர். வாழ்க்கை முழுக்க இன்னொருத்தர் அடித்ததற்கு ஓடினவர். யாரும் இவர் பெயரை எழுதினதில்லை. அதனால் ஓடுகிறவர் பெயரை எழுத வேண்டும் என்று இவருக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்." இதுதான். நான் யாரிடமும் சொல்லாத ரகசியம், பிரெஞ்சு மொழியில், லவாலில், ஒரு மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது. (போட்டுக் கொடுத்தது என் அப்பா. கல்யாணத்துக்கு மறுநாளே சொல்லிவிட்டாராம்.)

தொமா கோப்பையைக் கொண்டுவந்து லூக் கையில் கொடுத்தார். எல்லோரும் எழுந்து தட்டினார்கள். ஆனால் இரண்டாவது தரம் தட்டுகிற கை வேறு மாதிரி இருக்கிறது. ஒரு மகனுக்குக் கோப்பை கொடுப்பதற்கும், தப்பாகப் போனதை எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அப்பாவின் முகத்தில் தெரிந்தது. கிளம்பும்போது லூக் என்னிடம் வந்து கைகொடுத்தார். "பரவாயில்லை" என்றார். திட்டியிருக்கலாம். பரவாயில்லை என்று சொன்னதில்தான் எனக்கு உயிர் போயிற்று.

வேனில் திரும்பினோம். பாலத்தில் மழை வலுத்தது, கண்ணாடித் துடைப்பான் கிறீச் கிறீச்சென்று இழுத்தது. மொன்றியல் தீவுக்குள் வந்த பிறகு யோகன் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கண்ணே."

"நாங்கள் ஊரிலை கிளித்தட்டு மறிக்கிறனாங்கள். அதிலையும் எல்லாக் கோட்டையும் தாண்டிப் பழமாகித் திரும்பி வாறவனுக்குத்தானே கணக்கு. உங்கடை பக்கம் அப்பிடி ஒரு விளையாட்டும் இல்லையோ?"

"இருந்திருக்கும்ணே. என்னைச் சேத்துக்கிட்டிருக்க மாட்டாங்க" என்றேன். பின்னால் நித்யா சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மத்தியூ என் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் பேச்சு. வருடக் கடைசியில் கைகுலுக்கி, ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஜனவரி முழுக்க நான் சமையலறை ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்து கால்களைப் பார்த்தேன். வேலைக்குப் போகிற கால்கள். எல்லா நிறுவனத்துக்கும் எழுதினேன், யாரும் கூப்பிடவில்லை. அப்பாவிடம் பனி அதிகமாக இருப்பதால் வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொன்னேன். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டி வைத்தேன். நித்யா அவற்றைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

அந்த மாதக் கடைசியில்தான் லூக்கின் அக்கா போன் செய்தாள். விருந்தன்று நித்யாவின் எண்ணை வாங்கி வைத்திருந்திருக்கிறாள். அவள் எங்கள் பகுதியிலேயே ஒரு கார்தெரி, குழந்தைகள் காப்பகம், நடத்துகிறாள். ஒரு ஆள் வேண்டும், டீச்சராக இருந்தவள் என்றால் இன்னும் நல்லது, குழந்தையையும் கூடவே கொண்டுவரலாம். நித்யாவுடைய அனுமதி என்னுடையது போல எந்த நிறுவனத்தோடும் கட்டிப்போட்டதில்லை, அதில் இன்னும் காலம் மிச்சமிருந்தது. மறுநாளே பூட்ஸை மாட்டிக்கொண்டு யாழினியோடு கிளம்பினாள். ஜன்னல் வழியாக அவள் காலைப் பார்த்தேன். வேகமாகத்தான் நடந்தாள்.

பிறகு நடந்தது நீளமான கதை. அவள் வேலையும் அவள் பிரெஞ்சும்தான் எங்களை இந்த ஊரில் நிறுத்திவைத்தன. நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு விண்ணப்பித்தபோது அவள் பெயர் மேலே இருந்தது. கூட வருகிறவர் என்று கீழே ஒரு கட்டம், அதில் நான். வருடக்கணக்காக நின்று பழகிய இடம், எனக்கு ஒன்றும் புதிதில்லை.

லூக்கின் அம்மா பிடித்த வீடியோவை ஒரு தடவை அந்த அக்கா எங்களுக்குக் காட்டினாள். கேலிக்கில்லை, நினைவுக்காக. லூக் பாதி எழுந்து பொத்தான் போடுகிறார், முகம் மாறுகிறது, கை ஜாடிக்குப் போகிறது. அவருக்குப் பின்னால், மூலையில், ஒருவன் திரையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கைதட்டுகிறான். அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமலே தெரிகிறது.

அந்த உரிமை கிடைத்த செய்தி என் மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே திருச்சிக்கு போன் போட்டேன். "அப்பா, வாங்கிட்டேன்பா! எனக்குக் குடுத்துட்டாங்கப்பா!" என்று கத்தினேன். அடுப்படியில் நின்ற நித்யா திரும்பிப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த போனை வாங்கி, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

"ஆமாங்க மாமா. அடிச்சது நான். வீடு வந்து சேர்ந்தது உங்க பையன். ரன்னை அவர் பேர்லயே எழுதிக்கோங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான். விருந்தாளிகள் வந்தால் நித்யா சமைப்பாள், நான் கிண்ணத்தைக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். யாராவது என்னைப் பார்த்து "குழம்பு பிரமாதம்" என்று சொல்ல வாயெடுத்தால் போதும். யாழினி தட்டிலிருந்து தலை தூக்காமல், பிரெஞ்சிலும் தமிழிலும் ஒவ்வொரு முறை சொல்லிவிடுவாள்: "அப்பா ஓடினவர் மட்டும்தான்." யோகன் அண்ணை இருந்தால் உடனே பலமாகக் கைதட்டுவார்.